பேத்தை மீனும் பெண் வீட்டு மாமனும்

கடலாடியில் பேருந்தை விட்டு இறங்கிய கொஞ்ச நேரத்திலேயே, நான் எதற்காக வந்திருக்கிறேன் என்பது ஊருக்குத் தெரிந்துவிட்டது. நிலம் வாங்க வந்திருப்பதாகத்தான் சொன்னேன். உரக்கடைக்காரர் மூக்குக் கண்ணாடியை இறக்கிவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நிலமா? ரொம்ப நல்லது, உக்காருங்க. பொண்ணு என்ன படிச்சிருக்கு?" என்றார்.

மலேசியாவில் கிள்ளானில் பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவன் நான். பிறந்தது சிவகங்கைப் பக்கம். பள்ளி விடுமுறை விட்டதும் பேருந்தை ஷெட்டில் போட்டுவிட்டு ஊருக்கு வந்ததற்கு ஒரே காரணம், அக்கா மகள் வனிதாவுக்கு வந்திருக்கும் வரன். மாப்பிள்ளை பெயர் முனியசாமி. சொந்த ஊர் கடலாடி, வேலை ராமேசுவரம் தீவில் உள்ள ஒரு மீன் காட்சியகத்தில். அத்தான் காலமாகிவிட்டார். தாய்மாமன் நேரில் போய் விசாரிக்காமல் பெண் கொடுக்கிற வழக்கம் எங்கள் பக்கம் கிடையாது.

"சம்பளம், வீடு வாசல் எதையும் நீ விசாரிக்க வேணாம் தம்பி. அதெல்லாம் பாத்தாச்சு," என்றாள் அக்கா. "கோவக்காரனா இல்லையான்னு மட்டும் பாத்துட்டு வா. அது போதும்."

அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்பது எனக்குத் தெரியும். அத்தான் இருந்தவரை அந்த வீட்டில் சோற்றுத் தட்டுகள் பறந்தன. ஆனால் நான் பார்த்த அத்தான் வேறு ஆள். நான் மலேசியாவிலிருந்து வந்து இறங்கினால் ரோட்டு முனைக்கே வந்து பெட்டியை வாங்கிக்கொள்வார். மீன் குழம்பில் நடுத்துண்டு எனக்குத்தான். "மாப்ள, மாப்ள" என்று அவர் வாயில் தேன் ஒழுகும். அவர் போன பிறகுதான் அக்கா வாயைத் திறந்தாள்.

வனிதா மாப்பிள்ளையின் போட்டோவை என் கையில் கொடுத்தாள். "நல்லாத்தான் சிரிக்கிறாரு மாமா. அப்பாவும் போட்டோவுல நல்லாத்தான் சிரிப்பாரு," என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். அந்தப் பேச்சு என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக்கொண்டது.

கடலாடியில் கடல் இல்லை. கருவேலங்காடும் பனையும் சாலையோரத்தில் காயப்போட்ட முண்டு மிளகாயும்தான். மிளகாய் நெடியில் தும்மிக்கொண்டே தெருத்தெருவாக அலைந்தேன். உரக்கடைக்காரர், "தங்கமான பய" என்றார். ஆட்டோக்காரரும் தங்கம் என்றார். குழாயடியில் குடத்தோடு நின்ற பெண்மணி, நான் கேள்வியை முடிக்கும் முன்பே, "சொக்கத் தங்கம்ணே, கண்ண மூடிக்கிட்டுக் குடுங்க" என்றார். இந்தக் காலத்தில் தங்கம் இவ்வளவு தாராளமாகக் கிடைக்கும் ஊர் கடலாடி ஒன்றுதான்.

இது எனக்குப் புதிதில்லை. ஆயிரம் பொய் சொல்லி ஒரு கல்யாணம் பண்ணு என்பதை எங்கள் பக்கத்தில் சட்டமாகவே வைத்திருக்கிறார்கள். விசாரிக்க வந்தவனிடம் குறை சொல்லி ஒரு கல்யாணத்தைக் கெடுத்த பாவம் நமக்கு எதற்கு என்று ஊரே வாயைக் கட்டிக்கொள்ளும். அத்தானைப் பற்றி விசாரிக்க எங்கள் அய்யா போனபோதும் இப்படித்தான் தங்கம் தங்கமாகக் கொட்டியிருப்பார்கள்.

சாயங்காலம் ராமநாதபுரம் வந்து சேர்ந்தேன். பரோட்டாவும் கணவாய்த் தொக்கும் சாப்பிட்டேன். காரம் உச்சந்தலைக்கு ஏறியது. தணிக்க, பக்கத்துக் கடையில் கீழக்கரைத் தொதல் ஒரு பொட்டலம் வாங்கினேன். கருப்பட்டியும் தேங்காய்ப்பாலும் ஊறிய அதே பிசுபிசுப்பு. கிள்ளானில் நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர்கள் கொடுக்கும் தொதலும் இதுவும் அண்ணன் தம்பிதான். கப்பலோட்டிய மரைக்காயர்கள் இங்கிருந்து அங்கே கொண்டுபோனார்களா, அங்கிருந்து இங்கே கொண்டுவந்தார்களா என்று கடைக்காரரிடம் கேட்டேன். "ருசியா இருக்குல்ல, சாப்புடுங்க காக்கா" என்றார்; அண்ணனை அங்கே அப்படித்தான் அழைப்பார்கள். நியாயமான பதில்தான். எனக்குத்தான் எதையும் அப்படியே விடத் தெரிவதில்லை.

மறுநாள் காலை ராமேசுவரம் பேருந்து. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பழகியவனுக்குப் பயணியாக வருவது பெரிய தண்டனை. ஒவ்வொரு வளைவிலும் என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்தவர் கடைசியில் தன் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

பாம்பன் பாலத்தின் நடுவில் பேருந்து நின்றுவிட்டது. பழுது ஏதும் இல்லை. முன்னால் ஒரு குடும்பம் காரை நடுப்பாலத்தில் நிறுத்திவிட்டு, கடலையும் ரயில் பாலத்தையும் முதுகுக்குப் பின்னால் வைத்துச் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தது. பின்னால் வண்டிகள் கண்ணுக்கெட்டிய தூரம் நின்றன. யாருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை. பாதிப் பேர் இறங்கி அவர்களும் படம் எடுக்க ஆரம்பித்தார்கள்.

"ஏன் கண்டக்டர், ஒரு வார்த்தை கேக்கக் கூடாதா?" என்றேன்.

"விடுங்க சார். கடலப் பாக்கத்தான இம்புட்டுத் தூரம் வந்திருக்காக. ரெண்டு போட்டோவ எடுத்துட்டு அவுகளே போயிருவாக," என்றார் நடத்துநர்.

நான் விடவில்லை. இறங்கிப்போய், கிள்ளானில் மோட்டார் சைக்கிள்காரர்களைத் திட்டுவதற்கென்று வைத்திருக்கும் குரலை எடுத்தேன். பாலத்துக் காற்று பாதியைக் கடலுக்குக் கொண்டுபோய்விட்டது. மிச்சப் பாதி போதுமானதாக இருந்தது. கார் கிளம்பியது. பேருந்தில் திரும்பி ஏறியபோது யாரும் எனக்கு நன்றி சொல்லவில்லை. எல்லோரும் கொஞ்சம் விலகி உட்கார்ந்தார்கள்.

மீன் காட்சியகத்துக்கு எதிரே காசிம் பாய் என்பவரின் டீக்கடை. எங்கள் பேருந்து நடத்துநர் எனக்கு முன்பே அங்கே டீயைக் குடித்து முடித்துப் போய்விட்டார். அதன் விளைவு உடனே தெரிந்தது. "பாலத்துல எறங்கிச் சத்தம் போட்டது நீங்கதானா?" என்று கேட்டுக்கொண்டே பாய் டீயை ஆற்றினார்.

நான் பேச்சை மாற்றி, காட்சியகம் எப்போது திறக்கும், உள்ளே எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், முனியசாமி என்று ஒருவர் இருக்கிறாராமே என்று கேட்டேன். கெட்டிக்காரத்தனமாகக் கேட்டதாகத்தான் நினைப்பு.

"முனியசாமியா? மாஷா அல்லாஹ், தங்கமான புள்ள. நீங்க பொண்ணுக்கு என்ன வேணும்?"

"நான் மீன் பாக்க வந்தவன் பாய்."

"சரி சரி. மீனப் பாருங்க," என்று சிரித்தபடி போனை எடுத்துக்கொண்டு கடைக்குப் பின்னால் போனார். அதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

காட்சியகம் பெரிதில்லை. மலேசியாவில் கண்ணாடிக் குகைக்குள் நகரும் படியில் நின்றுகொண்டால் சுறாக்கள் தலைக்கு மேல் நீந்தும். அதே வேகத்தில் நம்மைக் கொண்டுபோய் பொம்மைக் கடையில் விட்டுவிடும். இங்கே நாமாகத்தான் நடக்க வேண்டும். இருட்டான நீளக்கூடம், இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். தொட்டியில் இருப்பதெல்லாம் வெளியே சன்னலைத் திறந்தால் தெரிகிற அதே கடலின் பிள்ளைகள். அது எனக்குப் பிடித்திருந்தது.

வாசலிலேயே ஆவுளியாவின் எலும்புக்கூடு கம்பியில் தொங்கியது. கடற்பசுவுக்கு இந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். கைத்துடுப்புக்குள்ளே ஐந்து விரல் எலும்புகள், நம்முடைய கை மாதிரியே. இவ்வளவு பெரிய உடம்பு புல்லை மட்டும் தின்று வாழ்ந்ததாம். அடுத்த தொட்டியில் கடல் குதிரைகள் பாசித்தண்டில் வாலைச் சுற்றிக்கொண்டு ஆடின. ஆண் குதிரைதான் வயிற்றுப் பையில் குஞ்சு சுமக்கும் என்று பலகையில் எழுதியிருந்தது. அதைப் படித்த ஒரு பெண் தன் கணவரின் தொப்பையைத் தட்டி, "இங்கனயும் ஒண்ணு இருக்கு" என்றாள். அவர் பெருந்தன்மையாகச் சிரித்தார்.

கடல் அட்டைகள் மணலில் கிடந்தன. பாம்பு போன்ற அஞ்சாளை மீன் ஒன்று கல்லிடுக்கிலிருந்து தலையை மட்டும் நீட்டி வாயைத் திறந்து திறந்து மூடியது. சிங்கி இறால் தொட்டியின் முன்னால்தான் கூட்டம். நம் சனங்கள் மீன் காட்சியகம் பார்க்கும் விதமே தனி. "இது குழம்புக்கு ஆகாது." "ஓராவுக்கு முள்ளு சாஸ்தி." "இதப் பெரட்டி வறுத்தா என்னா ருசி தெரியுமா?" தொட்டிக்குள் இருந்த மீன்களுக்குக் காது கேட்காமல் இருந்தால் நல்லது.

தீர்த்தமாடி ஈரம் காயாத துணியோடு ஒரு வடநாட்டுக் குடும்பம் வந்திருந்தது. அந்தக் குடும்பத்து அம்மா கிளி மீனையே பார்த்துக்கொண்டு இந்தியில் ஏதோ கேட்டார். அவர்களை அழைத்து வந்த வழிகாட்டியிடம் என்னவென்று விசாரித்தேன். "இமையே இல்லையே, இதுங்க எப்படித் தூங்கும்னு கேக்குறாங்க" என்றார். எனக்கு அக்கா நினைவு வந்தது. அத்தான் வீட்டில் இருந்த காலமெல்லாம் ஒரு கண்ணை மூடாமல்தான் தூங்கினேன் என்று அவள் சொல்லியிருக்கிறாள்.

அப்போதுதான் முனியசாமி வந்தார். ரப்பர் பூட்ஸ், கையில் வாளி, நீளமான இடுக்கி. போட்டோவில் இருந்த அதே சிரிப்பு. தொட்டி தொட்டியாக இறால் துண்டுகளை இடுக்கியில் பிடித்து ஊட்டிக்கொண்டே வந்தார். நான் வேலையை ஆரம்பித்தேன். ஒருவனின் கோபத்தைப் பார்க்க வேண்டுமென்றால் கிளறித்தானே ஆக வேண்டும்?

"இது என்ன மீன் தம்பி?" பலகை என் மூக்குக்கு நேரே இருந்தது.

"சிங்க மீன் சார். முள்ளுல வெசம்."

கொஞ்சம் தள்ளிப்போய்த் திரும்பி வந்தேன். "இது என்ன மீன்னு சொன்னீங்க?"

"சிங்க மீன் சார்." அதே குரல், அதே சிரிப்பு.

வாளிக்குக் குறுக்கே நின்றேன். ஒதுங்கிப் போனார். கையில் இருந்த எச்சில் காகிதக் கோப்பையைத் தரையில் போட்டேன். ஒன்றும் சொல்லாமல் எடுத்துக் குப்பைக்கூடையில் போட்டார். இதில் எது வறுக்க நன்றாக இருக்கும் என்று கேட்டேன். "கையால சோறு போட்டுட்டு எப்படி சார் வறுக்கச் சொல்லுறது?" என்று சிரித்தார்.

வேறு யாராக இருந்தாலும் இந்த இடத்தில் பையன் பொறுமைசாலி என்று திருப்திப்பட்டுத் திரும்பியிருப்பார்கள். நான் திரும்பவில்லை. வெளியாளிடம் தேன் ஒழுகும் வாயை நான் இருபது வருஷம் பார்த்தவன். நடுத்துண்டு மீனைத் தின்றவன். இந்தச் சிரிப்பு எந்தப் பக்கத்துச் சிரிப்பு? கதவைச் சாத்திய பிறகு இது என்ன ஆகும்? அதை எந்தக் கண்ணாடி வழியாகப் பார்ப்பது? கூடத்தை நாலைந்து தடவை சுற்றி வந்தேன். நிற்க முடியவில்லை.

கூடத்தின் கோடியில் தனியாக ஒரு சிறிய தொட்டி. உள்ளே ஒரு பேத்தை மீன். உருண்டை முகம், முழித்த கண், பக்கத்தில் இரண்டு சின்னத் துடுப்புகள். பயந்தால் தண்ணீரைக் குடித்துப் பந்தாக உப்பிக்கொள்ளும் மீன் அது. கண்ணாடியைத் தட்டாதீர்கள் என்று பலகையில் பெரிய எழுத்தில் இருந்தது. சுற்றி நின்றவர்கள், "ஊதுமா? ஊதுதான்னு பாப்போம்" என்று காத்திருந்தார்கள். முனியசாமி நாலு தொட்டி தள்ளி நின்றார்.

நான் மோதிர விரலால் கண்ணாடியைத் தட்டினேன். மீன் பின்வாங்கியது. இன்னும் பலமாகத் தட்டினேன். படபடவென்று தண்ணீரை விழுங்கி உப்பியது. முள் முள்ளாகச் சிலிர்த்து, நிலை தடுமாறி, வயிறு மேலாகப் புரண்டு கல்லில் போய் மோதியது. கூட்டம் கைதட்டியது.

"ஏய்! கைய எட்றா!"

கூடமே அடங்கிவிட்டது. வாளியைக் கீழே போட்டுவிட்டு வந்தார் முனியசாமி. சிரிப்பு துடைத்துவிட்டது போலப் போயிருந்தது.

"போர்டு கண்ணுக்குத் தெரியல? இம்புட்டு நேரமும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன். என்னைய என்ன வேணாலும் பண்ணுங்க, பொறுத்துக்கிருவேன். வாயில்லாத சீவன்ட்ட என்ன வெளையாட்டு? பயந்துபோயி ஊதுது, அது வித்த காட்டலை. வெளிய போங்க. ம், கெளம்புங்க!"

இத்தனை வயதில் யாரும் என்னை அப்படிப் பேசியதில்லை. நான் யார் தெரியுமா என்ற வார்த்தை நாக்கு நுனிவரை வந்துவிட்டது. விழுங்கினேன். வடநாட்டுக் குடும்பம் உட்பட எல்லோரும் பார்க்க, கூடத்தின் முழு நீளத்தையும் நடந்து வெளியே வந்தேன். காது இரண்டும் எரிந்தன.

காசிம் பாய் கடைப் பலகையில் உட்கார்ந்தேன், எழுந்தேன், உட்கார்ந்தேன். முனியசாமி என்று பெயர் வைத்தபோதே யோசித்திருக்க வேண்டும், கோபக்காரச் சாமியின் பெயர் அல்லவா? தெரிந்துவிட்டது, வேலை முடிந்தது. அக்காவின் எண்ணைத் தேடி எடுத்தேன். வேண்டாம் என்று ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

பாய் டீயை வைத்தார். "உள்ள சத்தம் வாசல் வரைக்கும் கேட்டுச்சு. என்னங்க, மாப்பிள்ளையக் கோவப்படுத்திட்டீங்க போல?"

"மாப்பிள்ளையா? யார் சொன்னது?"

"ஏன் மறைக்கிறீங்க? வெளியூர்லருந்து ஒருத்தர் பேரச் சொல்லி விசாரிச்சா வேற எதுக்கு? காலையிலயே தம்பிக்குப் போன் போட்டுச் சொல்லிட்டேனே, பொண்ணு வீட்டு மாமா உள்ள வாராரு, கொஞ்சம் பாத்து நடந்துக்கன்னு."

போனை எடுத்த கை அப்படியே நின்றது. அழைப்பை அழுத்தவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் முனியசாமி டீக்கடைக்கு வந்தார். பூட்ஸைக் கழற்றிவிட்டுச் செருப்புப் போட்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நேராக வந்து நின்றார்.

"மரியாதையில்லாம 'எட்றா'ன்னு சொன்னது தப்பு சார். மன்னிச்சுக்கங்க. ஆனா சத்தம் போட்டது தப்பில்ல."

"நான் யாருன்னு தெரியுமா தெரியாதா?"

"தெரியும் சார். பாய் சொன்னாரு. கடலாடியிலருந்து அம்மாவும் நேத்தே போன் பண்ணிருச்சு."

"தெரிஞ்சுமா கத்துனீங்க?"

அவர் காட்சியகத்தின் பக்கம் திரும்பிப் பார்த்தார். "எனக்குத் தெரியும் சார். அதுக்குத் தெரியாதுல்ல, நீங்க பொண்ணு வீடுன்னு."

டீ ஆறிக்கொண்டிருந்தது. மீன் எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"குடிச்ச தண்ணியக் கக்கி உப்பல் எறங்கிருச்சு. கல்லுக்கு அடியில போயி ஒளிஞ்சுக்கிருச்சு. வாயில அடிபட்டிருந்தா தின்னாது. சாயங்காலம் எரை வைக்கைல தெரியும்," என்றார். பிறகு கொஞ்சம் தயங்கி, "அம்மா இப்பத்தான் மறுபடி போன் பண்ணி ஒண்ணு கேக்கச் சொல்லுச்சு சார். பொண்ணோட மாமன் பாலத்துல கார்க்காரன அடிக்கப் போனாராமே, பொண்ணும் அந்த மாதிரிக் கோவக்காரியான்னு."

பாய் முகத்தைத் திருப்பிக்கொண்டு சர்க்கரை டப்பாவைத் தேடினார். நான் அடிக்கப் போகவில்லை, சத்தம்தான் போட்டேன் என்று விளக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டுவிட்டேன்.

அன்று பகலில் தனுஷ்கோடி பார்ப்பதாகத் திட்டம். போகவில்லை. கடற்கரைக்கும் டீக்கடைக்கும் இடையே நடந்து நடந்து வெயிலைத் தின்றேன். ஒரு குட்டி மீன் சாப்பிடுகிறதா இல்லையா என்பதற்காகப் பொழுது சாயும்வரை ஒரே இடத்தில் கிடந்தேன் என்று கிள்ளானில் சொன்னால் என் பேருந்துப் பிள்ளைகள்கூட நம்ப மாட்டார்கள். சாயங்காலம் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். முனியசாமி ஒரு நண்டுக் காலை இடுக்கியில் பிடித்துத் தண்ணீருக்குள் இறக்கினார். ஆட்டவில்லை, நீட்டவில்லை, சும்மா பிடித்தபடி நின்றார். கல்லுக்கு அடியில் ஒரு கண் தெரிந்தது. அது வருவதாக இல்லை. என் கால் தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது. அவர் அசையவில்லை. கடைசியில் மீன் மெல்ல வெளியே வந்து, என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, நண்டுக் காலைக் கடித்தது. ஓடு உடைகிற சத்தம் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் கேட்டது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்கவும் தோன்றவில்லை.

வெளியே வந்து அக்காவுக்குப் போன் போட்டேன். முதல் மணி அடித்து முடிப்பதற்குள் எடுத்துவிட்டாள். நாள் முழுக்கப் போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறாள்.

"என்னலே ஆச்சு? கோவம் வருதா அவனுக்கு?"

"வருது அக்கா. பொல்லாத கோவம்."

அந்தப் பக்கம் அடுப்படியில் பாத்திரம் கழுவும் ஓசை நின்றது. வனிதாவும் கேட்டுக்கொண்டிருக்கிறாள் என்று புரிந்தது.

அக்கா கேட்டாள். "யாரு மேல?"

"என் மேல. பொண்ணோட மாமன்னு தெரிஞ்சே, கூட்டத்துக்கு முன்னாடி திட்டி வெளிய அனுப்பிட்டான். ஒரு மீனத் தட்டிட்டேன்னு."

"உன்னையவா?"

"என்னையத்தான்."

அக்கா மூச்சை இழுத்து விடுவது கேட்டது. "மலேசியாவுலருந்து வந்து எறங்குன உன்னைய உங்க அத்தான் ஒரு சொல்லு சொல்லிருப்பாரா?" என்றாள். பிறகு போனைக் காதிலிருந்து எடுக்காமலேயே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாள்: "ஏத்தா வனிதா, அந்தக் காலண்டரக் கொண்டா. நாள் பாப்போம்."